படத்தில் நாயைப் பிடித்திருந்தவர்

எங்கள் வீட்டில் எத்தனை நாய் வந்து போனாலும் பெயர் ஒன்றுதான். வெள்ளைக்காரப் பெயர். பெட்டை நாய்க்கும் அதேதான். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதவும் போவதில்லை; அந்தப் பெயருடைய முதல் நாய்க்கு ஏற்கெனவே கிடைத்த மரியாதையே போதும்.

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். இந்த வருஷம் பழைய படங்களையும் பத்திரங்களையும் வைத்து அடிமைமுறையைப் பற்றி ஒரு கண்காட்சி போட்டோம். மனிதர்களை அடுக்கிப் படுக்கவைத்த கப்பலின் படம், கைநாட்டு வைத்து ஆளை விற்ற பத்திரம், இனி அது செல்லாது என்ற சட்டம், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டேன். சட்டம் வந்த பிறகும், கீழிருந்து மலையேறி வந்த ஜனங்கள் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த மேஸ்திரியைக் கேட்காமல் எஸ்டேட்டை விட்டு நகர முடியவில்லை. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. காலி செய்துகொண்டிருந்த ஒரு பழைய பங்களாவிலிருந்து கிடைத்தது.

நாற்காலியில் துரை. காலடியில் நாய். சுற்றித் தரையில் பன்னிரண்டு பேர். படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் துரையின் பெயர், நாயின் பெயர், அப்புறம் 'கூலிகளுடன்'. எனக்கு வந்ததே கோபம்! "நாய்க்குப் பேர் இருக்கு, மனுஷனுக்கு இல்லையா?" என்று ஸ்டாஃப் ரூம் அதிரக் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் நாயின் பெயரை நிதானமாகப் படித்தேன். அன்று காலையில் எங்கள் வாசலில் நான் சோறு வைத்துவிட்டு வந்த நாயின் பெயர்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செல்போனில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா முட்டி தேய்கிறவரைக்கும் வாழவந்திப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை செய்தவள். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, இந்த நாய்தானா அது! சங்கிலியப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறது எங்கப்பன் கண்ணு. துரையோட நாயக் குளிப்பாட்டறது, நடக்கக் கூட்டிட்டுப் போறது எல்லாம் எங்கப்பந்தான். நொம்ப நல்ல நாயாமா. அதான் நம்ம ஊட்டுல அந்தப் பேரு நின்னுபோச்சு."

அந்தப் படத்தில் காமிராவைப் பார்க்காதவர் அவர் ஒருத்தர்தான். நாய் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்புச்சி!

"அப்புச்சி பேரக் கீழ எழுதிடறேம்மா."

அம்மா செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுதுனா, அது ஆருன்னு கேப்பாங்களே கண்ணு?"

பதினெட்டு வருஷமாக ஸ்டாஃப் ரூமில் என் ஊர் சேலம். எங்கள் குடும்பம் காபி வியாபாரம். எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில் பிறந்தவள் என்று ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆண்டு விழாவுக்குக்கூட அம்மாவைக் கூப்பிட்டதில்லை. அவளும் வருகிறேன் என்று கேட்டதில்லை. துரை ஒரு பெயரை எழுதாமல் விட்டான் என்று அந்தக் குதி குதித்தேனே, நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள், படத்துக்குக் கீழே ஒட்டவேண்டிய அட்டையில் ஒன்றும் எழுதாமலே வைத்திருந்தேன். கண்காட்சி அன்று காலையில் அப்புச்சியின் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'எஸ்டேட் தொழிலாளி. இந்தப் பள்ளியின் வரலாற்று ஆசிரியையுடைய தாத்தா' என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அம்மாவுக்கு போன் போட்டு வரச் சொன்னேன். வீட்டுக்குப் பக்கம் வெள்ளக்கடையில் பஸ் ஏறி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் ஒண்டிக்கடையில் இறங்கி, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் பட்டுச்சேலையில் வந்து நின்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் தானே நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் கணக்கு டீச்சர் அட்டையைப் படித்துவிட்டு என் கையை நறுக்கென்று கிள்ளினாள். "அடிக் கள்ளி, இத்தன நாளா சொல்லவே இல்ல பாரு!" அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

அம்மா உட்காரவில்லை. படத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"எங்கப்பன விட நாய்தான் படத்துல நல்லா உழுந்திருக்குது" என்றாள். பிறகு அட்டையைத் தொட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல என்ன எழுதியிருக்குது கண்ணு?"

ஹால் நிறையப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். நான் அம்மாவின் காதோரம் குனிந்து மெதுவாகப் படித்தேன்.

"கேக்கல சாமி. சத்தமாப் படி."

சத்தமாகப் படித்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா."

ஹால் முழுக்கக் கேட்கும்படி படித்தேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு, நிம்மதியாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கீழ் வளைவில் பஸ் திரும்புவதை வீட்டுக்குள் இருந்தே சொல்லிவிடுவாள்.