கல் வீடுகள் முளைத்த மனை

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாங்கள் குடியிருந்த போர்ஷனுக்கு வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை அது. தண்ணீர், விருந்தாளி, கேட்டைச் சாத்தும் நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது வேலை மாற்றலாகி திருவண்ணாமலைக்கு வந்தவன் நான். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், நான்கு குடித்தனங்களுக்கு நடுவில் ஒன்றரை அறை கிடைத்தது. அதிலேயே பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

காலண்டரை அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். எங்கள் கல்யாணப் போட்டோ கண்ணாடிச் சட்டத்தோடு டிரங்குப் பெட்டிக்குள், ஒரு பழைய புடவையில் சுற்றிக் கிடந்தது. வருடத்துக்கு ஒரு நாள், கல்யாண நாளன்று, என் மனைவி அதை வெளியே எடுத்துத் துடைப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றி வைத்துவிடுவாள். "பெட்டிக்குள்ள நாம ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், விடு" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். அவள் கேட்டது நகை இல்லை, ஊர்ப் பயணம் இல்லை. ஆணி அடிக்க ஒரு சுவர். அதை வாங்கித்தரத் துப்பில்லாதவன் கிண்டல் செய்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அலுவலகத்தில் பைல் பேசிய நேரம் கம்மி, மனை பேசிய நேரம் ஜாஸ்தி. வேங்கிக்கால் பக்கம் புஞ்சைக் காடெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, நகர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் அறை தேடி அலைந்தார்கள். எனக்குக் கட்டுபடியானது மலைக்குப் பின்பக்கத்தில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்தில் மூன்று சென்ட். அன்றைக்கு அங்கே டவுன் பஸ்கூட எப்போதாவதுதான் வரும். "பொழுது போனா நரி ஊளையிடுற எடத்துல போயி வாங்குறியே" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள்.

விற்றவர் ஒரு விவசாயி அம்மா. கணவர் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய், மகளின் நர்ஸ் படிப்புக்காகப் பாதையோரத்து மூலையை மட்டும் பிரித்துக் கொடுத்தார். மிச்ச நிலத்தில் மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலை போட்டிருந்தார். பத்திரம் முடிந்த அன்று எங்களை நிலத்துக்கே கூட்டிப்போய், வேகவைத்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி, "இனிமே நாம பக்கத்து வூடு. சாரு தோலு உரிக்கிறத பாத்தா பைலு கட்ட பிரிக்கிற மாதிரி கீது" என்றார். என் மனைவி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றுதான் அந்தத் தப்பைச் செய்தோம். மலை சுற்ற வருகிறவர்கள் சொந்த வீடு வேண்டிக்கொண்டு பாதையோரத்தில் கல்லை அடுக்குவார்கள். இரண்டு கல்லை நிற்க வைத்து, மேலே தட்டையாக ஒன்றை மூடினால் வீடு. என் மனைவி எங்கள் மனையிலேயே குனிந்து அப்படி ஒன்று கட்டினாள். "எடமே வாங்கியாச்சு, இன்னும் என்ன வேண்டுதல்?" என்றேன். "எடம் வேற, வீடு வேறங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். அடுக்கிய இடம்தான் தப்பு.

அடுத்த பௌர்ணமி கழிந்து ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். அவள் அடுக்கிய கல் வீட்டுக்குப் பக்கத்தில் ஏழெட்டு வீடுகள். யாரோ ஒருவர் பார்த்து, இங்கே அடுக்கினால் பலிக்கும் போல என்று ஆரம்பித்திருக்கிறார். மற்றவர்கள் தொடர்ந்திருக்கிறார்கள். அதற்கடுத்த பௌர்ணமிக்கு ஐம்பது. சிலர் கல்மேல் கல் ஏற்றி மாடி வீடே கட்டியிருந்தார்கள். ஒரு மகராசன் பொடிக்கற்களால் சுற்றுச்சுவர் எழுப்பி, கேட்டுக்கு இடமும் விட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளோ ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "பாவம், எத்தன பேருக்குங்க வீடில்ல" என்றாள்.

இரண்டு மூன்று வருடம் அப்படியே போனது. வீடு கட்டாததற்கு நான் அவளிடம் சொன்ன காரணம் ஒன்று, மனதில் இருந்தது ஒன்று. மலை சுற்ற வரும் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகியது. பாதையில் விளக்கு போட்டார்கள், ரோடு போட்டார்கள். மனை விலை ஏறியது. இன்னும் கொஞ்சம் பொறுத்து விற்றுவிட்டால் டவுனிலேயே ஏதாவது வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். இதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. "மழை முடியட்டும்" என்பேன். மழை முடிந்தால் "ஆடி போகட்டும்" என்பேன்.

ஒரு திங்கட்கிழமை அந்த விவசாயி அம்மா என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"சாரு, உங்க மனையில ஒரு கல்லுக்கு மஞ்சத்துணி சுத்தி, எலுமிச்சம்பழம் வச்சிக்கிறாங்க. ஒரு ஆளு தட்டு வச்சிக்கினு குந்தினுகிறான். அடுத்த பௌர்ணமிக்குச் சூலம் நட்டுட்டான்னு வையி, அப்பால கலெக்டரே வந்தாலும் புடுங்க முடியாது."

சாமி வந்து உட்கார்ந்த இடத்தை மனிதன் திரும்ப வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையும் கூடையும் எடுத்துக்கொண்டு போனேன். தட்டு வைத்திருந்த ஆள் அன்று இல்லை. மனை முழுக்கக் கல் வீடுகள். கால் வைக்க இடமில்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"இடிக்கக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? நம்ம எடம் போயிடும்."

"போகக் கூடாதுதான். அதுக்காக இத்தன பேரு வீட்ட இடிச்சிட்டு நம்ம வீட்ட கட்டினா, அதுல நான் எப்படிங்க வெளக்கேத்துவேன்?"

கோபத்தில் வாய் தவறிவிட்டது. "கட்டினாதானே வெளக்கேத்த? நான் விக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவள் போய்த் தன்னுடைய பழைய கல் வீட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதில் மேல்கல் சற்றுச் சரிந்திருந்தது. அதை எடுத்து நேராக வைத்தாள். அந்தக் கையைப் பார்த்தேன். பத்து வருடமாகக் கல்யாணப் போட்டோவைத் துடைத்து மறுபடி சுற்றி வைக்கிற அதே கை. என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வரப்பில் நின்றிருந்த விவசாயி அம்மா, எங்கள் பக்கம் பார்க்காமல் களை பிடுங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் கேட்டாள். "கடக்காலுக்குக் கல்லு வேணுமில்லங்க?"

மறுநாளே மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் கல் வீடுகளைச் சுற்றிப் பார்த்து, "பெரிய கல்லுக்கு நடுவுல சந்து அடைக்கச் சின்னக் கல்லு வேணும்மா. இது இல்லன்னா நான் வண்டியில கொண்டாரணும்" என்றார். கையிலிருந்தது அஸ்திவாரத்துக்குத்தான் காணும். அதற்கு மேல் எப்படி எழும்பும் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் கடக்கால் தோண்டிவிட்டோம்.

கல்லை எடுத்துக் கொடுக்க ஆள் வைக்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டையும் இரண்டு கையாலும் பிரித்து, "உங்களுக்கும் சீக்கிரம் கெடைக்கட்டும்" என்று சொல்லி, குழியில் நின்ற ஆளிடம் கொடுத்தாள். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அரை மணி நேரத்தில் நானும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். விவசாயி அம்மாவும் வந்தார். "எனக்கு வூடு கீது. தண்ணிதான் இல்ல" என்று கிணற்றோரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து போட்டார். மஞ்சள் துணி சுற்றிய கல்லை மட்டும் என் மனைவி ஈசான மூலையில், துணியோடு, தன் கையாலேயே வைத்தாள். அவள் கட்டிய முதல் வீட்டின் மூன்று கற்கள் அதன்மேல் போயின. தட்டு வைத்திருந்த ஆள் பௌர்ணமிக்கு வந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அடுத்த வளைவுக்குப் போனார்.

வீடு எழும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. புதுமனை புகுந்த அன்று, விருந்தாளிகள் போனதும் அவள் சுத்தியலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது விரலைப் பதம் பார்த்தது. மூன்றாவதில் போட்டோ ஏறியது. அதில் இருந்த இரண்டு பேரையும்விட எங்களுக்கு வயதாகியிருந்தது. அவள் தள்ளி நின்று பார்த்தாள். நான் போட்டோவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

மாடியில் ஒரு அறை, குளியலறை, சின்னச் சமையல் மேடை கட்டியிருந்தோம். அது என் யோசனை. அதற்குள் கிராமத்திலேயே வெளிநாட்டுக்காரர்கள் அறை கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். குளிர்காலம் முழுக்கத் தங்குவதாக ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். ஊரில் யாரும் கேட்டிராத வாடகை சொன்னார். நான் மனதுக்குள் மோட்டார் சைக்கிளே வாங்கிவிட்டேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்று இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். டவுனில் புடவைக் கடையில் வேலை என்றாள்.

"அக்கா, இங்க ஒரு காலி மனை இருந்துச்சே. அஞ்சாறு வருசம் முன்ன கல்லு அடுக்கினேன், சுத்திச் செவரெல்லாம் வச்சு. அது எங்கன்னு தெரியல."

சுற்றுச்சுவர் கட்டிய மகராசன் இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வீடு கெடைச்சுதாம்மா?" என்றாள் என் மனைவி.

"இல்லக்கா. இருக்கறதையும் இந்த மாசம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவரும் நானும் தேடினுதான் இருக்கோம். அதான் திரும்பவும் அடுக்கலாம்னு வந்தேன்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம்கூடக் கேட்டது. நான் உள்ளே போய் மாடி அறைச் சாவியை எடுத்துவந்து என் மனைவி கையில் கொடுத்தேன்.

"உன் கல்லு எங்கயும் போகலம்மா. இந்த வீட்டுக்கு அடியிலதான் இருக்கு. மேல வா" என்று அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பேச்சு கேட்டது. தண்ணீர் எப்போது வரும், கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள், விருந்தாளி வரலாமா என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பயந்து பயந்து கேட்டாள். வாடகைக்கு இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்விகள் தெரியும். எல்லாவற்றுக்கும் என் மனைவி ஒரே பதிலைச் சொன்னாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். செவுத்துல எத்தன ஆணி வேணும்னாலும் அடிச்சிக்க."

பிறகு மாடிப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, அந்தச் சுத்தியல கொஞ்சம் எடுத்துனு வாங்க."