நின்றதும் நிறுத்தியதும்

கோலா கங்சார் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் வீடமைப்புக்கு விற்றபோது நான் ஈப்போவில் பொறியியல் வரைபடம் படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போவேன். ரப்பர் பாலைக் கொட்டிவிட்டு வரும் அம்மாவின் சட்டையிலிருந்து அந்தப் புளித்த வாடை அடிக்கும். மூக்கைச் சுளிப்பேன். இப்போது எங்காவது ரப்பர் பால் லாரி கடந்து போனால், மூச்சை ஆழமாக இழுத்துக்கொள்கிறேன்.

தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஈப்போவின் சிலிபினில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தோம். முன்பணம் கட்ட ஒரே வழி, அம்மாவுக்கு வரவேண்டிய சர்வீஸ் காசு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே பட்டையைக் கீறிப் பாலெடுக்க மரம் வெட்டியவர் அவர். நிர்வாகம் நிறுத்தினால் உழைத்த ஆண்டுகளுக்கு ஏற்ப இழப்பீடு உண்டு, சட்டத்திலும் தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் எது கூடுதலோ அதைக் கேட்கலாம், தானாக விலகினால் ஒன்றும் கிடையாது என்று சங்கத்து அண்ணன் சொல்லியிருந்தார்.

அந்த இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கத் தொழிலாளர் இலாகாவுக்குப் போக நான் பட்டியல் போட்டேன். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சங்க அட்டை, குடை, ரொட்டி. அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார்.

"பஸ்ல எனக்கு வாந்தி வருமே, பிளாஸ்டிக் பை எழுதலையா, இஞ்சினியரம்மா?"

எழுதிக்கொண்டேன்.

அதிகாரி சாந்தமான மலாய்க்காரர். வேலை எப்போது போனது என்று கேட்டார். தீபாவளிக்குப் பிறகு 'பெர்ஹெந்தி' என்று மலாயில் சொன்னார் அம்மா. எங்கள் லயத்தில் பஸ் நின்றாலும் பெர்ஹெந்தி, மழை நின்றாலும் பெர்ஹெந்தி, வேலை நின்றாலும் அதேதான். ஆனால் அந்த மேசையில் அதற்கு, நானாக விலகிக்கொண்டேன் என்று பொருள். நிறுத்தப்பட்டேன் என்பதற்கு 'டிபெர்ஹெந்திகான்' என்று நீளமாகச் சொல்ல வேண்டும். பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், ஏன் நின்றீர்கள், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார் அதிகாரி.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கெபுன் சுடா ஜுவால், எஞ்சேக். போக்கோ சுடா தும்பாங். மாவ் போத்தோங் ஆப்பா?"

தோட்டத்தை விற்றாயிற்று, ஐயா, மரத்தைச் சாய்த்தாயிற்று, இனி எதை வெட்டுவது?

அதிகாரி சிரித்துவிட்டார். எழுதியதை அடித்துவிட்டு நீளமான சொல்லை எழுதினார். அம்மாவுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அவருக்கு நாக்கு புரளவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்தபடியே வந்ததில் வாந்தியை மறந்துவிட்டார்.

இழப்பீடு வந்தது, சிலிபினுக்குக் குடிவந்தோம். இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா, எஸ்டேட் வேலையிலிருந்து எப்போது நின்றீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை.

"நான் எங்க நின்னேன்? நிப்பாட்டிட்டாங்க லா."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தான் வெட்டிய நிரையில் எந்த மரம் நிறையப் பால் கொடுக்கும், எது ஏமாற்றும் என்று அக்காவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். நெத்திலியை நான் கிள்ளி முடித்தேன்.