அக்கா இன்னும் முடிக்கவில்லை

என் அக்கா சிங்களப் படங்களில் கதாநாயகியாக நடித்தவள். இதைச் சொன்னால் இப்போது ஒருவரும் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்துப் பெட்டைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறார்கள். எனக்கு அப்போதே அது விளங்கவில்லை, ஆகவே என்னிடம் கேட்டுப் பயனில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் ஆடியவளை யாரோ கண்டார்கள், கூப்பிட்டார்கள், போனாள். எங்கள் வீடு அப்பா இல்லாத வீடு. அம்மா முதலில் அழுது பார்த்தார். அக்காவின் உழைப்பில் அடுப்பு எரியத் தொடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கைக்குள் அவள் எங்கள் அக்கா. காலி வீதி என்கிற பெருந்தெருவுக்கு ஏறிவிட்டால் வேறு யாரோ. சுவரில் ஒட்டியிருந்த பட விளம்பரங்களில் அவளுக்குச் சிங்களப் பெயர், நாங்கள் வைத்ததல்ல. பாண் கடைக்காரர் அந்தப் பெயரைச் சொல்லி, "கொஹொமத?" என்று என்னிடம் சுகம் விசாரிப்பார். யாரைக் கேட்கிறார் என்று ஒரு கணம் முழித்துவிட்டுத்தான் "ஹொந்தய்", நல்ல சுகம், என்பேன். கொட்டகையில் அவள் சிங்களத்தில் அழும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்களும் அழுவார்கள். நான் மட்டும், காலையில் என் சீப்பைத் தூக்கிக்கொண்டு போனவள்தானா இவள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், சில படங்களில் எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது.

படங்களில் அவளுக்கு அடிக்கடி கலியாணம் நடந்தது. வீட்டில்தான் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற சொந்தக்காரர் தேத்தண்ணியைக் கையில் வாங்க முதலே கேட்பார்கள்: "மூத்தவ முடிச்சிட்டாவே?" எங்கள் ஆட்களுக்கு முடிப்பது என்றால் கலியாணம் முடிப்பதுதான். மற்ற எதை முடித்தாலும், இன்னதை முடித்தேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவும் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "இன்னும் முடிக்கேல்லை. பேச்சு ஒண்டு இருக்கு." அந்தப் பேச்சு, லண்டனில் படித்துக்கொண்டிருந்த மாமியின் மகனைப் பற்றியது.

அந்த மனிதர் வந்தது ஒரு காலை நேரம். அக்கா படப்பிடிப்புக்காகக் கண்டிப் பக்கம் போயிருந்தாள். மெட்ராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து கல்கிசைக் கடற்கரையில் பாட்டொன்று எடுத்துக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கம்பெனியின் மனேஜர். அதை அவர் வாசலில் நின்று சொன்னாரா, அல்லது எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லாமலே விட்டாரா, எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. நான் பார்த்தது அவர் கையிலிருந்த தட்டைத்தான். அப்பிள், திராட்சை, நடுவில் வெற்றிலை பாக்கு. ஒரு நடிகையை முதன்முதலாகப் படத்துக்குக் கேட்டுப் போகும்போது அப்படித் தட்டோடு போவது தங்கள் வழக்கம் என்றாராம், பிறகு. எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு ஒருவர் வந்தால் வேறு என்னத்துக்கு வருவார்?

"உங்க பொண்ணக் கேட்டுத்தாம்மா மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கோம்" என்றார். "எங்க முதலாளி படத்தப் பாத்தாரு. ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

எங்களுக்கு ஃபோட்டோவும் படம்தான். அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"உங்கட முதலாளிக்கு என்ன வயசு, தம்பி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அறுபது இருக்கும்மா."

"அவர் முடிச்சவரோ?"

"அவரு எத்தனையோ முடிச்சிட்டாரும்மா. வருஷத்துக்கு ரெண்டு முடிக்கிறாரு. பொண்ணு எப்படி, முடிச்சிட்டாங்களா? கையில வேற ஏதாவது இருக்கா?"

"இன்னும் முடிக்கேல்லை. ஆனால் வேற இடத்திலை பேச்சு இருக்கு."

"எழுத்து ஆயிடுச்சா?"

ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டதா என்று கேட்டாராம். எங்களுக்கு எழுத்து என்றால் கலியாணப் பதிவு. அம்மா நிமிர்ந்து இருந்து, "எழுத்து இல்லை, வாய்ப்பேச்சுத்தான். எண்டாலும் குடுத்த வாக்கை நாங்கள் மாத்தமாட்டம்" என்றார்.

அந்த மனிதர் எழுந்து அம்மாவைக் கும்பிட்டார். இப்படி நாணயமானவர்களைத் தங்கள் தொழிலில் காண்பதே அரிது என்று சொல்லி, தட்டையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்திய அம்மா ஒரு அப்பிளை எடுத்துச் சீலையில் துடைத்தார். "மெட்ராஸ் என்ன பக்கத்திலையே கிடக்கு?" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியாது. பிறகு அப்பிளை வெட்டி எனக்குப் பாதி தந்தார்.

கண்டியால் திரும்பி வந்த அக்காவிடம், மெட்ராஸ் கிழவன் ஒருத்தன் உன்னைப் பொம்பிளை கேட்டு ஆள் அனுப்பினவன் என்று அம்மா பகிடியாகத்தான் சொன்னார். அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த கிழமை அவள் ஸ்டூடியோவிலிருந்து நேரம் முந்தி வந்தாள். முகத்துப் பூச்சுக்கூடக் கழுவவில்லை.

"அம்மா, வந்த ஆளிட்டை என்ன சொன்னனீங்கள்? நான் வேற கம்பெனிக்கு வாக்குக் குடுத்திட்டன் எண்டு அவர் ஸ்டூடியோவிலை சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். கதாநாயகி வேஷம் அம்மா. தமிழ்ப் படம். என்ரை பாஷையிலை ஒரு படம்."

அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. "நான் என்னத்தைக் கண்டன்? அவன் முடிச்சிட்டாவோ எண்டு கேட்டான். நான் முடிக்கேல்லை எண்டனான். வெத்திலை பாக்கோடை வந்தவனை நான் வேற என்னெண்டு நினைக்கிறது?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ அங்கைதானே நிண்டனி. அம்மாவுக்கு விளங்கினதோ, விளங்கேல்லையோ? சொல்லடி."

நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மெட்ராஸ் என்ன பக்கத்திலையே கிடக்கு என்று அம்மா கேட்டதையும் சொன்னேன். அக்கா அதைத் தன் வாயால் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் மகளைக் கட்டிக்கொடுப்பதா என்றும் அதற்குக் கருத்து எடுக்கலாம், அவ்வளவு தூரத்துக்கு மகளை நடிக்க அனுப்பிவிட்டு எங்கள் பாடு என்ன என்றும் எடுக்கலாம். எப்படிப் புரட்டினாலும் பொருந்தித் தொலைத்தது. அக்கா போய் முகம் கழுவினாள். அதற்குள் மெட்ராஸில் வேறொரு பெண்ணைப் பேசிவிட்டார்கள்.

அந்தப் படம் கொழும்புக்கு வந்தபோது மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். கூட்டிக்கொண்டு போனதே அக்காதான், அது ஏன் என்றும் எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்குப் பதிலாக நடித்தவள் ஒரே படத்தில் பெயர் எடுத்துவிட்டாள்; அதற்குப் பிறகு அவளுடைய முகம் இல்லாத கலண்டரே இல்லை. அம்மா இடைவேளை வரைக்கும் மூக்கை உறிஞ்சி அழுதார். கதைக்காக அழுதாரா, வேறு எதற்குமா? அக்கா கச்சான் கடலை தின்றுகொண்டே பார்த்தாள். வெளியே வரும்போது, "சேலையை வடிவாக் கட்டத் தெரியேல்லை" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு இன்றைக்கும் அம்மா மீது கோபம் வரும். வந்த கையோடு வெட்கமும் வரும். ஒரு மனுசி ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவு பொருத்தமாகவா பிழை விடுவார்? வேண்டுமென்று செய்திருந்தால் இதைவிடத் திறமாகச் செய்திருக்க முடியாது. ஆனால் அம்மா அதை எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். வயதைக் கேட்ட இடம் வரும்போது தானும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். செய்த களவை ஒருவர் அப்படி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரா? இன்னொன்றும் உண்டு. அறுபது வயதும் வருஷத்துக்கு இரண்டும் அன்றைக்கு உண்மையில் பேசப்பட்டனவா, அம்மா சொல்லிச் சொல்லி என் காதில் ஏறியவையா? இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அங்கே நின்ற ஒரே சாட்சி நான். என் சாட்சியின் இலட்சணம் இதுதான்.

லண்டன் மச்சான் அங்கேயே ஒருத்தியை முடித்தார். படத்தில் நடிக்கிற பெண் தங்களுக்குச் சரிவராது என்று மாமி எழுதிவிட்டார். அக்கா இன்னும் சில வருஷம் கதாநாயகியாக ஓடினாள். பிறகு கதாநாயகனுக்கு அக்கா, பிறகு அண்ணி, பிறகு அம்மா. கடைசியில் தொலைக்காட்சி நாடகத்தில் கண் தெரியாத மாமியார். நான் முடித்து இரண்டு பிள்ளைகளோடு கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, பார்த்தது முழுக்க அக்காதான். தூக்கினாள், குளிப்பாட்டினாள். சோற்றைக் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக வாயில் தீத்தினாள். அம்மா துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி தீத்துவாள்.

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டுவிட்டேன். இத்தனை காலம் வயிற்றில் கிடந்தது. இனி யாருக்கு நோகப் போகிறது என்று நினைத்தேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அண்டைக்கு அம்மாவுக்கு விளங்கேல்லையோ?"

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த சட்டியை அலசிக் கவிழ்த்தாள்.

"விளங்கேல்லை."

"எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறாய்?"

"விளங்கினது எண்டு நான் ஒரு நாளாவது நினைச்சிருந்தால், அந்த வாய்க்குச் சோறு தீத்தியிருப்பனோ? ஆனபடியால் அவவுக்கு விளங்கேல்லை. நீயும் இனிக் கிண்டாதை."