தேவசேனாவின் கருநாக்கு

மலைக்கிராமமான கிளாவரையில் தேவசேனா பேச வாயெடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவளுக்குக் கருநாக்கு, சொன்னால் பலித்துவிடும் என்று ஊர் முடிவு கட்டி முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. சிறுமியாக இருந்தபோது பெரியப்பாவின் மாட்டுத்தொழுவத்தைப் பார்த்து, "இந்தச் சுவரு விழுந்துரும்" என்றாள். அந்த வருட மழையிலேயே விழுந்தது. உள்ளே நின்ற சினைமாடு செத்துப்போனது. பிறகு ஒரு வருடம், ஊர்க்காரர் அழகுமலையின் தோட்டத்துப் பூண்டு தேறாது என்று வாய்தவறிச் சொன்னாள். அதுவும் அழுகிப்போனது. அதற்குமேல் ஊருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அவள் வருவது தெரிந்தால் விதைப்பூண்டைச் சாக்குப் போட்டு மூடுவார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே உட்காரவைத்து, சாப்பிட்ட கையோடு வெற்றிலையை மடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யாரும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். நாளாக ஆக அவளே அதை நம்பத் தொடங்கினாள். கணவர் ஜெயமுருகன் தன் பிக்கப் வண்டியில் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பும்போது "பாத்துப் போங்க" என்றுகூடச் சொல்லமாட்டாள். கையை மட்டும் அசைப்பாள்.

ஒரே மகள் ரம்யாவைப் பழனியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் உண்டானாள். வளைகாப்புக்குப் போன தேவசேனா வளையலைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை வாழ்த்தாமல் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டாள். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைக்கவும் இல்லை. மலைப்பாதை, ஆஸ்பத்திரி தூரம் என்று கணவரை விட்டுச் சொல்லவைத்தாள். போன் வந்தால் எடுத்து அவரிடமே நீட்டிவிடுவாள். அம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று கேட்டு ரம்யா அப்பாவிடம் அழுதாள்.

அந்தச் சமயத்தில் ஊருக்கு நர்சாக வந்திருந்தவள் ஆக்ஸிலியா. செண்பகனூர்க்காரி, முப்பது வயதிருக்கும். பிரஷர் பார்க்கப் போன தேவசேனா, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"நர்சம்மா, எம் மகளுக்கு ஒரு போன் போட்டு, காலு வீங்குனா வெரசா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அவ அசட்டையா இருந்துருவா."

"நீங்களே சொல்லலாமேக்கா?"

"நான் சொன்னா வீங்கிரும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆக்ஸிலியா சிரிக்கவில்லை. "சரி, எனக்கு ஏதாச்சும் கெட்டது நடக்கும்னு சொல்லுங்க. பலிக்குதான்னு பாத்துருவோம்" என்றாள்.

தேவசேனா பதறிப்போனாள். "மாதா கோயிலுக்குப் போறவுக பேசுற பேச்சா இது?"

"நான் போயி ஆறேழு வருசமாச்சு. சாமி இருக்குன்னு எனக்குத் தோணலக்கா. அம்மாகிட்ட சொன்னப்ப அழுதாங்க, இப்பப் பழகிட்டாங்க. சாமிக்கே பயப்படாதவ ஒங்க நாக்குக்கா பயப்படப்போறேன்?"

எதைச் சொல்வது என்பதில் பேரம் நடந்தது. காய்ச்சல் வரும் என்று சொல்லட்டுமா என்று தேவசேனா கேட்டாள். "இந்தக் குளிருக்குப் பாதி ஊரு காச்சல்ல கெடக்கு. அது வந்தா நாக்கா குளிரான்னு தெரியாது" என்று ஆக்ஸிலியா மறுத்துவிட்டாள். பஸ் கவிழும் என்றால் கூட வருபவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கடைசியில், அடுத்த வாரச் சந்தைக்குள் நர்சின் வலது கை ஒடியும் என்று முடிவானது. அந்த ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் தேவசேனா அழுதுவிட்டாள்.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளனே எழுந்து நர்சின் குடியிருப்புக்குப் போய்த் தண்ணீர்க்குடத்தைத் தானே தூக்கப் பார்த்தாள். "நீங்க தூக்குனா சோதனை செல்லாதுக்கா, வச்சிட்டுப் போங்க" என்று ஆக்ஸிலியா விரட்டினாள். வழக்கம்போல வழுக்குப் பாதையில் நடந்தாள், வீடு வீடாகப் போய் ஊசி போட்டாள்.

சந்தை முடிந்த மறுநாள் ஆக்ஸிலியா வீடு தேடி வந்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். "உள்ளதச் சொல்றேன்க்கா. புதன்கிழம பாசியில கால் வழுக்குனப்ப எனக்கே திக்குன்னு இருந்துச்சு. அப்புறம் எம்மேலயே சிரிப்பு வந்துருச்சு."

தேவசேனாவுக்கு அப்போதும் சந்தேகம். "கோவத்துல சொன்னாத்தான் பலிக்குமோ என்னமோ."

திண்டுக்கல் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த ஜெயமுருகன் திரும்பினார். "ஏத்தா, கோவத்துல நீ சொல்லாததா? எந் தம்பி மளிகைக்கடை போட்டப்ப ஆறு மாசம் தாங்காதுன்ன. இன்னைக்கு அவன் ரெண்டு கடை வச்சிருக்கான். இந்தக் கூரை அடுத்த மழைக்கு நிக்காதுன்ன. அதுக்கு அடியிலதான உக்காந்திருக்கோம்? பிக்கப்ப வாங்குன அன்னைக்கு என்ன சொன்னங்கிறத நர்சம்மா முன்னாடி சொல்லவா?"

தேவசேனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்ன எதையும் அவள் நினைவில் வைத்திருக்கவில்லை. ஊரும் வைத்திருக்கவில்லை.

"அந்தத் தொழுவத்துச் சுவரு எப்படிக்கா இருந்துச்சு?" என்று ஆக்ஸிலியா கேட்டாள்.

"சாஞ்சு நின்னுச்சு. அடியில ஈரம் ஊறி மண்ணு பொலபொலன்னு…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "பாத்தா யாருக்கும் தெரியும். நான் வாயால சொன்னேன், அம்புட்டுத்தான்."

தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு போனை எடுத்தாள். கால் வீக்கம், தூக்கம், கீரை, வழுக்குகிற குளியலறை என்று இத்தனை மாதம் அடக்கிவைத்த எல்லாவற்றையும் மகளிடம் ஒரே மூச்சில் கொட்டினாள். காரணத்தையும் சொன்னாள். முதலில் அழுத ரம்யா, அரைமணி நேரம் கழித்து, "அம்மா, காது சுடுது, கொஞ்சம் வையேன்" என்று கெஞ்சும்படி ஆயிற்று.

பழனியில் பெண் குழந்தை பிறந்தது. தேவசேனா கூடவே இருந்தாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். முந்தின நாள்தான் "பிள்ள கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதே" என்று அவள் சொல்லியிருந்தாள். மறுபடியும் தன் நாக்குத்தானோ என்று பயந்தாள். வராந்தாவுக்குப் போய் ஆக்ஸிலியாவைப் போனில் அழைத்தாள்.

"பிறந்த பிள்ளைங்க நெறையப் பேருக்கு வரும்க்கா. லைட்டுக்கு அடியில வச்சாச் சரியாயிரும். நீங்க முன்னாடியே கவனிச்சதே நல்லதாப் போச்சு."

லைட்டுக்கு அடியில், கண்ணில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு பேத்தி கைகாலை உதறியது. ஆளில்லாத பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேவசேனா அதனிடம் பேசத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து, மற்றக் குழந்தைகள் தூங்க வேண்டாமா என்று அதட்டும்வரை அவள் நிறுத்தவில்லை.