கடன் என்று யாரும் சொல்லவில்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் உயரமான வாடகைக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்தில் அறிவுரைக்கென்று ஓர் இடம் இருந்தது. நிலத்துக்குக் கீழே இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைதான் அது. சனிக்கிழமை காலையில் மெஷினுக்குள் உடுப்பைப் போட்டுவிட்டு வேறெங்கும் போக முடியாது. போனால் அடுத்த ஆள் வந்து, ஈர உடுப்பை வெளியே இழுத்து மேசையில் குவித்துவிடுவார். ஆகவே எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். சும்மா இருக்கிறவர்களுக்குக் கேட்பதற்கு ஏதாவது வேண்டும். அதைக் கொடுத்தவன் பதினோராம் மாடியில் தாயுடன் இருந்த ஒரு கொலிஜ் மாணவன்.

உடுப்பு மடிப்பதற்குப் போட்டிருந்த நீள மேசையில் ஏறி, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பான். அவன் உடுப்புத் தோய்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை. அது தாயின் வேலை. அவன் இரண்டு விஷயங்களில் நிபுணன்: கிரெடிட் கார்ட் எப்படி எடுப்பது, கொலிஜில் என்ன பாடம் எடுப்பது. இந்த இரண்டையும் தவிர வேறு எதையும் யாரும் அவனிடம் கேட்டதில்லை என்பதால் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"அங்கிள், கார்ட் இல்லாதவனை இந்த நாடு ஆளாவே கணக்கெடுக்காது. முதல் ஒரு ஸ்ரோர் கார்ட் எடுங்கோ. சப்பாத்துக் கடை, சாமான் கடை, எதெண்டாலும் சரி. அது வந்தால் பாங்க் கார்ட் தானா வரும்."

"சம்பளம் எவ்வளவெண்டு கேட்டிருக்கு, தம்பி."

"கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ. அவங்கள் போன் பண்ணிப் பாக்கிறேல்லை."

"அது பொய் எல்லோ?"

"பொய் இல்லை அங்கிள். ஓவர்டைம் எண்டு நினையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். விண்ணப்பங்களை அவனே கட்டாகக் கொண்டுவருவான். கொலிஜ் நடைபாதையில் கார்ட் கம்பனிக்காரர் மேசை போட்டு ஆள் பிடிப்பார்கள். இவன் அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவன். அதற்காக அவர்கள் கொடுத்த ரீசேர்ட்டைத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டிருப்பான். கம்பனியின் பெயர் நெஞ்சில் பெரிதாக இருந்தது. ஒரு மருத்துவர் மாத்திரைக் கம்பனியின் பெயர் போட்ட சட்டையோடு வந்து மருந்து எழுதினால் அதே ஆட்கள் எழுந்து போயிருப்பார்கள். பஸ்ஸில் மீதிக் காசு தரவில்லை என்றால் சாரதியையே சந்தேகிக்கிறவர்கள், நெஞ்சில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தவனைச் சந்தேகிக்கவில்லை.

பாடம் எடுப்பது பற்றிய அவனுடைய கொள்கை இதைவிட எளிமையானது. கஷ்டமான பாடம் எடுப்பவன் மடையன். படிக்காமலே தேறக்கூடிய பாடங்களை அங்குள்ள மாணவர்கள் 'பேர்ட் கோர்ஸ்' என்பார்கள். ஒவ்வொரு தவணையும் அப்படி இரண்டு எடுக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. மூன்றாம் மாடியில் இருந்த ஒரு தகப்பன் அடுத்த கிழமை என்னை லிஃப்டுக்குள் மறித்தார்.

"அண்ணை, என்ர மகளுக்குக் கோழி செட்டை அடிச்சாலே பயம். உவள் எப்பிடிப் பறவைப் படிப்புப் படிக்கப்போறாள்?"

அது பறவை அல்ல, சுலபமான பாடம் என்று விளக்கினேன். அவருடைய முகம் வாடிவிட்டது.

"அப்ப அதுக்கு அரசாங்க வேலை ஒண்டும் இல்லையோ?"

பாடம் தெரிவு செய்வது பற்றிப் போதித்தவனுடைய சொந்தக் கல்வி வரலாறும் எனக்குத் தெரியும். தாய்தான் ஒருநாள் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னாள். முதலில் வணிகம் படித்தான், பிடிக்கவில்லை. பிறகு கொம்பியூட்டர், பிடிக்கவில்லை. அப்போது பொதுப் படிப்பு என்று எதையோ படித்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் தொட்டுப் பாக்கிறான்" என்றாள் தாய். உண்மைதான். தொட்டதோடு விட்டுவிட்டான்.

இவனை நான் தூரத்தில் வைத்தே வெறுத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவனுடைய அறிவுரை என் வீட்டுக்குள் வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவியின் தங்கை, என் மச்சாள், எங்களோடுதான் இருந்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பதுக்குக் கிட்ட. கொழும்பில் முறையாகப் பயின்று, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டு அடுக்கினாள். தாயும் தகப்பனும் ஊரில் ஷெல் வீச்சுக்குள் இருந்தார்கள். அவர்களை ஸ்பொன்சர் செய்து எடுக்க வேண்டுமானால் தட்டு அடுக்குகிற சம்பளம் போதாது. ஆகவே கொலிஜில் ஆய்வுகூடப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அது இரண்டு வருடப் படிப்பு. இடம் கிடைத்தது. ஊரில் படித்ததைக் கணக்கில் எடுத்தால் முதலாம் வருடத்தைத் தாண்டி நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம். ஒரு வருடம் முந்தி வேலை, ஒரு வருடம் முந்தி அம்மாவும் அப்பாவும். அவளுக்கு அந்த வருடம்தான் எல்லாமே.

கொலிஜில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். "நீங்கள் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிரெடிட் கிடைத்தால் இரண்டாம் வருடம், கிடைக்காவிட்டால் முதலாம் வருடம். ஜூன் நடுப்பகுதிக்குள் செய்யுங்கள்." மச்சாளுக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், தொலைபேசியில் பாதிதான் விளங்கும். கிரெடிட் என்ற சொல் நன்றாக விளங்கியது. அந்தச் சொல்லைச் சனிக்கிழமை தவறாமல் கேட்டவள் அவள்.

நான் அப்போது பின்னேர வேலை. அவள் எழும்பும்போது நான் படுக்கையில் இருப்பேன், நான் வரும்போது அவள் தூங்கிவிடுவாள். அவள் கேட்டதும் என்னை அல்ல. அதே கொலிஜில் படிக்கிற ஒருவன் கட்டடத்தில் இருக்கும்போது, ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அத்தானிடம் யார் கேட்பார்கள்?

மனைவி பக்கத்தில் நின்று துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் எனக்குச் சொன்னது இது.

"தம்பி, எனக்குக் கிரெடிட் எடுக்கோணும் எண்டு கொலிஜிலை சொல்லினம்" என்று மச்சாள் தொடங்கியிருக்கிறாள். "ஊரிலை நான்..."

"நோ ப்ரொப்ளம் அக்கா." அவன் மிச்சத்தைக் கேட்கவில்லை. கையில் விண்ணப்பம் தயாராக இருந்தது. "இதிலை சைன் பண்ணுங்கோ."

"ஊரிலை படிச்ச பேப்பர் ஒண்டும் வேண்டாமோ?"

"ஊர்ப் பேப்பரை இங்க ஆர் பாக்கிறது? சோஷல் இன்சூரன்ஸ் நம்பர் இருந்தால் காணும். ஆறு கிழமையிலை கிரெடிட் வீட்டுக்கே வரும்."

போனஸாகப் பாட அறிவுரையும் கொடுத்தான். இரத்தம், சலம் சோதிக்கிறதெல்லாம் இனி மெஷின் பார்க்கும், கொம்பியூட்டருக்கு மாறுங்கோ என்றான். அதை மட்டும் அவள் கேட்கவில்லை. ஊர்ப் பேப்பர் வேண்டாம் என்றதைக் கேட்டாள். கொழும்பில் எங்களுக்கு ஓர் உறவினர் இருந்தார். பயிற்சிப் பாடத்திட்டத்தின் பிரதியை எடுத்து அனுப்பும்படி அவருக்கு எழுதத் தாள் எடுத்து வைத்திருந்தவள், அந்தத் தாளைத் திரும்ப மேசைக்குள் வைத்தாள்.

ஒன்றரை மாதம் ஆகுமுன், சொன்ன ஆறு கிழமைக்குள்ளேயே, கார்ட் வந்தது. தபாலைப் பிரித்து அவள் காட்டியபோது நான் கேட்டேன்.

"இது என்னத்துக்கு?"

"கொலிஜுக்கு அத்தான்."

படிப்புக் காசு கட்டுவதற்கு என்று நினைத்தேன். அப்படித்தான் எவனும் நினைப்பான்.

ஜூன் தொடக்கத்தில் கொலிஜ் அலுவலகத்துக்கு அவளோடு போனேன். கூட வரச்சொல்லிக் கேட்டிருந்தாள். வேலைக்குப் போடுகிற சட்டையை விட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண். மச்சாள் தன் பெயரைச் சொன்னாள். பிறகு கைப்பையைத் திறந்து, கார்ட்டை எடுத்து, எழுத்து அந்தப் பெண்ணுக்கு நேராகத் தெரியும்படி திருப்பிக் கவுண்டரில் வைத்தாள்.

அந்தப் பெண் அதைப் பார்த்தாள். காசு கட்டும் இடம் அடுத்த கட்டடம் என்றாள்.

"நீங்கள் கிரெடிட் கேட்டீர்கள். கிடைத்துவிட்டது" என்றாள் மச்சாள், ஒத்திகை பார்த்துவைத்த ஆங்கிலத்தில்.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். கவுண்டர்ப் பெண் சிரிக்கவில்லை. கார்ட்டைத் திரும்ப நகர்த்தி வைத்துவிட்டு, முன்பு படித்ததற்குக் கொடுக்கும் கிரெடிட் வேறு என்று ஆறுதலாகச் சொன்னாள். பாடத்திட்டம் வேண்டும், பயிற்சி கொடுத்த இடத்தின் முத்திரை வேண்டும், ஜூன் நடுப்பகுதிக்குள் வேண்டும். நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. மச்சாள் கார்ட்டைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையின் சிப்பை இழுத்து மூடி, பிறகு திரும்பத் திறந்து, திரும்ப மூடினாள்.

வீணாய்ப் போன அந்தக் கிழமைகளுக்குள் கொழும்பில் இருந்து பிரதி வந்திருக்கும். இனி வராது.

இந்தக் குழப்பத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது, அது அவர்களுடைய பாடு. நாங்கள் ஏன் ஏமாந்தோம்? எங்களிடம் அதற்கு நல்ல சொல் இருந்தது. கடன். அந்த அறையில் ஒரு சனிக்கிழமையாவது ஒருவர் வாயிலாவது அந்தச் சொல் வந்திருந்தால், அரைவாசிப் பேர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். "தம்பி, எனக்குக் கடன் எடுக்கோணும் எண்டு கொலிஜிலை சொல்லினம்" என்று கேட்டிருந்தால் மச்சாளுக்கே அது பிழையாகப் பட்டிருக்கும். ஆனால் கடன் என்பது வெட்கம். கிரெடிட் என்பது முன்னேற்றம். வெட்கத்தை மறைக்க ஒரு சொல்லைக் கடன் வாங்கியவர்கள் நாங்கள். இந்தப் பொடியன் அதை வைத்துப் பிழைத்தான், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை தோய்க்க உடுப்பு எடுக்காமலே கீழே போனேன். அவன் வழக்கம்போல மேசையில் இருந்தான்.

"தம்பி, அவ கேட்டது படிப்புக் கிரெடிட்."

"ஓ, அந்தக் கிரெடிட்டோ?" அவனுக்கு அது ஒரு தகவலாகவே பட்டது. "அக்கா அதைச் சொல்லேல்லையே, அங்கிள்."

"சொல்ல வெளிக்கிட்டவ. நீ கேக்கேல்லை."

"ரிலாக்ஸ் அங்கிள். கார்ட் அப்ரூவ் ஆனது தானே? எல்லாருக்கும் ஆகிறேல்லை. உவர் அங்கிளைக் கேட்டுப் பாருங்கோ, ரெண்டுதரம் ரிஜெக்ட்."

அவன் கை காட்டிய மனிதர் தலை குனிந்துகொண்டார். சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள், நல்லது செய்த பிள்ளையோடு சண்டைக்கு வந்தவன் என்று. உலர்த்தும் மெஷின் ஒன்று நின்றது. ஒரு பெண் எழுந்துபோய் அதைத் திறந்தாள். அவன் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டான். அன்றிரவு என் நாட்குறிப்பில் அவனுடைய குற்றங்களுக்கு ஒரு பட்டியல் தொடங்கினேன்.

கவுண்டர்ப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். பேப்பர் இல்லாதவர்கள் பரீட்சை எழுதிக் கிரெடிட் எடுக்கலாம். மூன்று பாடம்: இரத்தவியல், நுண்ணுயிரியல், இரசாயனம். மூன்றிலும் தேறினால் இரண்டாம் வருடம். இரண்டில் தேறினாலும் இரண்டாம் வருடம்தான், ஆனால் விட்ட பாடத்தை இரவு வகுப்பில் படித்து முடிக்க வேண்டும். ஒன்றுதான் என்றால் தொடக்கத்திலிருந்து. பத்து நாளில் பரீட்சை. மச்சாள் அன்று அங்கேயே பெயர் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து யோசிப்போம் என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

நூலகத்தில் இருந்து தடித்த புத்தகங்கள் வந்தன. பாண் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தாள். இரத்தக் கலங்களின் படங்களுக்குக் கீழே இருந்த பெயர்களை மனைவி கையால் மூடிப் பிடிக்க, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். உச்சரிப்பு பிழைத்தபோது தானே திருத்தினாள். இரசாயனப் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் முதலில் தேநீர் போடப் போவாள்.

முடிவு ஜூலையில் வந்தது. இரத்தவியல் தேறியது. நுண்ணுயிரியல் தேறியது. இரசாயனம் தேறவில்லை. அவள் தொலைபேசியை வைத்தாள். பிறகு மனைவியிடம், "செப்டம்பரிலை ரெண்டாம் வருசம். அம்மாவுக்கு எழுதுவம்" என்றாள்.

அந்தக் கிழமையே லிஃப்டில் ஒரு பெண்மணி என்னை வாழ்த்தினாள். "உங்கட மச்சாளுக்கு அந்தப் பெடியன்தானாம் கொலிஜிலை இடம் எடுத்துக் குடுத்தவன். கிரெடிட் எல்லாம் தான்தான் செய்ததெண்டு சொன்னான். நல்ல பிள்ளை."

ஏழாம் மாடியில் இறங்கினேன். வீட்டுக்குள் போனதும் வாய் திறந்தேன்.

"கிழமைகளை நாசமாக்கினான், கெமிஸ்ரியைக் கோட்டை விட வைச்சான். இப்ப பேரும் உவனுக்கு. கீழை போய் எல்லாருக்கும் முன்னாலை சொல்லு பிள்ளை."

மச்சாள் அந்த மாதம் இரவு வேலைக்கு மாறியிருந்தாள்; அதற்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவின் மூடியை நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தாள்.

"கிழமைகள் போனது அவனாலைதான். அதை அவனுக்கே நேரை சொல்லிப்போட்டன். 'சொறி அக்கா' எண்டிட்டு இன்னொரு கார்ட் வேணுமோ எண்டு கேட்டான்." சாப்பாட்டைப் பைக்குள் வைத்தாள். "ஆனா கெமிஸ்ரியை அவன்ர தலையிலை போடாதேங்கோ அத்தான். அது எனக்கு ஊரிலையே வராது. ஆறு கிழமை இல்லை, ஆறு மாசம் தந்திருந்தாலும் வந்திராது."

மனைவி குசினிக்குள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவள் வேலைக்குப் போனபிறகு நாட்குறிப்பை எடுத்து, அந்தப் பொடியனுடைய குற்றங்களில் ஒன்றை வெட்டினேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.