பூனைக்குட்டிக்கு ஓர் இடம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஐப்பசி மழையில் நனைந்தபடி ஒரு பூனைக்குட்டி நன்னிலத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்து ஏறிக்கொண்டது. தெருவில் நாய்கள் அதிகம். வெளியே விட மனமில்லாமல் அழுதேன். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கண்டிப்புக்குப் பேர்போன டீச்சர். அவர்தான் தீர்ப்பு சொன்னார்.

"குட்டி உள்ளயே இருக்கட்டும். அது வெளிக்குப் போறதுக்கு ஒரு இடம் பண்ணு. தினமும் நீதான் அள்ளணும். ஒரு நாள் நாத்தம் வந்தாலும் மீன்காரம்மாகிட்ட குடுத்துருவேன்."

காது உடைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பில் சித்தப்பா உமியைக் கொட்டினார். குட்டி அதில் சுருண்டு தூங்கியது. எழுந்ததும், கூடத்தில் அப்பா உலர்த்தியிருந்த குறுவை நெல்லில் நிதானமாகப் பள்ளம் பறித்து உட்கார்ந்தது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் சாம்பல். அத்தை திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்கள் மேலெல்லாம் வெள்ளைப் பாதங்கள். குட்டியின் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

கடைசியாக மணல். ஈரமாக இருந்ததைச் சித்தப்பா வாணலியில் வறுத்தே காயவைத்தார். குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அத்தை விடைத்தாளிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா யாருடி போவா? மாடிப்படிக்குக் கீழ தள்ளு."

தள்ளினோம். குட்டி உள்ளே இறங்கித் தோண்டியது. குடும்பமே குனிந்து வேடிக்கை பார்த்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. அதுக்குக் கூச்சமா இருக்காதா?" என்று அதட்டினார் அத்தை.

திரும்பினோம். மணல் தள்ளி மூடும் சத்தம் கேட்டதும் சித்தப்பா விசிலே அடித்துவிட்டார்.

பழைய ஜல்லிக் கரண்டியால் தினமும் காலையில் அள்ளினேன். பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் மறந்தே போனேன். வகுப்பில் ஞாபகம் வந்து, மாலையில் மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தால் மணல் சுத்தமாக, சமமாக இருந்தது. மறுநாளும் மறந்தேன், அன்றும் அப்படியே. அப்புறம் மறப்பதே வழக்கமாகிவிட்டது. என் பூனை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அத்தையிடமும் சொன்னேன். கொல்லைக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர், "ஆமாமா, ரொம்பச் சமத்து" என்றார். எதற்காக இவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.