ஓகேவை யார் அழுத்துவது?

மென்பொருள் தொழிலில் புதிதாக எழுதுகிறவனுக்குப் பேர் வரும். பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டுகிறவனுக்கு போன் வரும். போன் வருகிற என் சக பாவிகளே, என் வாடிக்கையாளர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் மீனவர் சங்கம். இறால் விழும் இடத்தில் எல்லாக் குழுவும் ஒரே நாளில் வலை போட முடியாது. குலுக்கல் போட்டு, முறை வைத்து இறங்குவார்கள். அதற்குப் பாடு என்று பேர். யார் முறை என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அவரவருக்கு அவரவர் முறைதான் ஞாபகம் இருக்கும். அதனால் கம்ப்யூட்டரில் முறை காட்டும் காலண்டர் ஒன்று செய்து கொடுத்தேன். சொந்தத் தயாரிப்பு என்று பீற்றிக்கொண்டாலும், உள்ளே உட்கார்ந்திருப்பது, செய்தவர்களே கைகழுவிய ஒரு பழைய காம்போனென்ட், அதாவது யாரோ எழுதி வைத்த ரெடிமேட் மென்பொருள் துண்டு. அதை நம்பி நான், என்னை நம்பி அங்கே ஒரு குழுவை நடத்தும் தேசிங்கு அண்ணன். போன சுற்றில் படகு ஓட்டையாகி அவர் குழு பாட்டைத் தவறவிட்டது. இந்த முறையும் போனால் அவர்களுக்கு இறால் காலமே போச்சு.

போல்டர் குழப்பம்

உப்புக் காற்றில் பழைய கம்ப்யூட்டர் துருப்பிடித்து, சங்கத்தில் புதிது வாங்கினார்கள். காலண்டர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். பழைய காம்போனென்ட் பைலைப் புது மெஷினில் போட வேண்டும். நாமெல்லாம் வழுக்கி விழும் இடம் இதுதான்: முப்பத்திரண்டு பிட் பைலை, பேரில் முப்பத்திரண்டு உள்ள போல்டரில் போடக் கூடாது, அறுபத்துநாலு உள்ள போல்டரில் போட வேண்டும். செயலாளர் கபாலியிடம் போனில் இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“எங்க ஊர்ல வடக்குத் தெரு தெக்கால கீது சார். நாங்க யாரையாச்சும் கேட்டோமா?”

எர்ரரோடு ஒரு குரூப் போட்டோ

பைலைப் போட்டதும் வேறொரு எர்ரர். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கபாலி, தேசிங்கு அண்ணன், இன்னும் நாலு பேர், தலை வாரி, தோளில் கைபோட்டு நின்ற படம் வந்தது. எர்ரர் முழுக்க தேசிங்கு அண்ணன் தலைக்குப் பின்னால். கொஞ்சம் நகர்ந்து நின்று எடுங்கள் என்றேன். நகர்ந்தார்கள், கம்ப்யூட்டரையும் கூடவே நகர்த்திக்கொண்டு.

“மெஷின மட்டும் எடுத்தா, யார் ஊட்டு மெஷின்னு உனக்கு எப்படி சார் தெரியும்?”

அழுத்த மாட்டோம்

ஒருவழியாக ஓடியது. பாடும் தொடங்கியது. ஒரு நாள் காலையில் கபாலி பதறிக்கொண்டு கூப்பிட்டார். காலண்டருக்குக் குறுக்கே எர்ரர் பெட்டி நிற்கிறதாம். பழைய காம்போனென்டின் வெட்டிப் புலம்பல்தான் அது. ஓகேவை அழுத்தினால் போய்விடும். அழுத்துங்கள் என்றேன். முடியாது என்றார். பாடு தொடங்கிவிட்டால் ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை. அன்று யார் முறையோ அவர்தான் கம்ப்யூட்டரையும் தொட வேண்டும். யார் முறை என்பதோ பெட்டிக்குப் பின்னால் இருந்தது. தன் முறை என்று தேசிங்கு அண்ணனும், இல்லை தன்னுடையது என்று இன்னொரு குழுவும். மத்தியானத்துக்குள் தீராவிட்டால் முதலிலிருந்து குலுக்கல் என்று சொல்லிவிட்டார் சங்கத் தலைவர்.

அடித்துப் பிடித்துப் போனேன். சங்கமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்து நின்றது. மவுஸைத் தொடப் போன என்னை நாலு கைகள் பிடித்து இழுத்தன. “யார் முறைல சார் தொடற?” தேசிங்கு அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நான் எளாவூர்க்காரன். எனக்கு ஏரியில் முறையே கிடையாது!” என்று கத்தினேன். தலைவர் யோசித்தார். பாடே இல்லாதவன் யார் பாட்டையும் பறிக்க முடியாது, அழுத்தட்டும் என்றார்.

அழுத்தினேன். தேசிங்கு குழு என்று வந்தது. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெட்டி இனி வராதபடி செய்து தருகிறேன் என்றேன். தலைவர் தடுத்துவிட்டார்.

“வேணாம் சார், அது வரட்டும். அது வந்தா நீ வா. பாடு இல்லாத ஆளுக்கு நாங்க வேற எங்க போவோம்?”

ஆக, இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்த எனக்கு அந்தக் குப்பத்தில் இருக்கும் ஒரே தகுதி, ஏரியில் ஒரு இறால்கூட எனக்குச் சொந்தமில்லை என்பதுதான்.